8,75,39,319: ஒரு பெரிய எண்ணின் பண்புகளை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

எட்டுக் கோடியே எழுபத்தைந்து இலட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது. கண்ணில் படும்படி இதில் ஒன்றும் இல்லை. வரிசையாக வரும் இலக்கங்கள் இல்லை, பூச்சியங்கள் இல்லை, முன்னும் பின்னும் ஒன்றுபோல வாசிக்கும் அமைப்பும் இல்லை. ஆனால் இரண்டு மிகை முழு எண்களின் கனங்களைக் கூட்டி, மூன்று வெவ்வேறு விதங்களில் பெறக்கூடிய எண்களில் மிகச் சிறியது இதுதான். 1957-இல் ஜான் லீச் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் கண்டுபிடித்தார்.

அந்த மூன்று விதங்களையும் கணினி இல்லாமல் நாமே கண்டுபிடிக்கலாம். பேப்பர், பென்சில், ஒரு கால்குலேட்டர், பத்தாம் வகுப்பு வரை படித்த கணக்கு ஆகியவை போதும். கால்குலேட்டர் பன்னிரண்டு இலக்கம் காட்டுவதாக இருக்கட்டும். எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் சரியாக அடங்கும்தான், ஆனால் வழியில் வரும் சில விடைகளுக்கு ஒன்பது இலக்கம். போனில் உள்ளதே நல்லது.

இங்கே செய்வதை வேறு எந்த எண்ணுக்கும் செய்யலாம். எந்த எண்ணாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: அதைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது. அதை முடிக்காமல் மற்ற கேள்விகளுக்குப் போனால் வீணாக அலைய நேரும். முடித்துவிட்டால், மற்ற விடைகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே வரும்.

முதல் படி: கடைசி இலக்கங்களைப் பாருங்கள்

கடைசி இலக்கம் 9. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. கடைசி இரண்டு இலக்கங்கள் 19. அதை 4-ஆல் வகுத்தால் மீதி 3, முழு எண்ணை வகுத்தாலும் அதே மீதிதான், ஏனென்றால் 100 என்பது 4-இன் மடங்கு. இரட்டைப்படை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0, ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை வகுத்தால் மீதி 1. மீதி 3 ஒருபோதும் வராது. எனவே நம் எண் ஒரு முழு வர்க்கம் இல்லை என்று பத்து விநாடியில் சொல்லிவிடலாம். இந்த மீதி 3-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.

இரண்டாம் படி: மூன்று மூன்றாகப் பிரியுங்கள்

இந்த வழியைப் பள்ளியில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும். 3-க்கும் 9-க்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கத் தெரியும், 11-க்கும் தெரியும். 7, 13, 37 என்று வந்தால் நேரடியாக வகுக்கத் தொடங்கிவிடுகிறோம். இரண்டே கூட்டல்களில் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடலாம்.

எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரியுங்கள்: 87 | 539 | 319. நாம் இலட்சம், கோடி என்று போடும் காற்புள்ளி இரண்டிரண்டாகப் போகும். அதைப் பார்த்துப் பிரித்தால் கணக்கு தவறிவிடும். காற்புள்ளி இல்லாமல் 87539319 என்று எழுதிவிட்டுப் பிரிப்பதே பாதுகாப்பு.

இப்போது மூன்றையும் கூட்டுங்கள்: 87 + 539 + 319 = 945. மூல எண்ணை 999-ஆல் வகுத்தால் என்ன மீதியோ, அதுதான் இது. 999 = 27 × 37. ஆகவே 945-ஐ 27-ஆலும் 37-ஆலும் சோதித்தால், மூல எண்ணையே சோதித்த மாதிரி. 945 = 27 × 35. சரி, நம் எண் 27-ஆல் வகுபடும். 37-ஆல் வகுத்தால் மீதி 20, ஆகவே 37 காரணி இல்லை.

அடுத்து, வலப்பக்கத்திலிருந்து கூட்டல், கழித்தல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள்: 319 − 539 + 87 = −133. இது 1001-க்கான சோதனை. 1001 = 7 × 11 × 13 என்பதால் மூன்று பகா எண்களுக்கும் விடை ஒன்றாகக் கிடைக்கிறது. 133 = 7 × 19, ஆகவே 7 காரணி. 11-ஆல் வகுத்தால் 133-க்கு மீதி 1, 13-ஆல் வகுத்தால் மீதி 3. இரண்டும் காரணிகள் இல்லை.

மொத்தத்தில் 2, 3, 5, 7, 11, 13, 37 ஆகிய ஏழு பகா எண்களைச் சோதித்தாகிவிட்டது. மூல எண்ணை இன்னும் ஒரு தடவைகூட வகுக்கவில்லை.

மூன்றாம் படி: வகுத்துக்கொண்டே போங்கள்

87539319 ÷ 27 = 3242197. இதன் இலக்கங்களின் கூட்டல் 28, அது 3-ஆல் வகுபடாது. ஆகவே 3 என்ற காரணி மூன்று தடவையோடு முடிந்தது.

3242197 ÷ 7 = 463171. மறுபடியும் 7 இருக்கிறதா? 171 − 463 = −292. 292-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5, ஆகவே இல்லை.

இனி கால்குலேட்டர். 463171-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 6, 19-ஆல் வகுத்தால் 8, 23-ஆல் வகுத்தால் 20, 29-ஆல் வகுத்தால் 12. அடுத்தது 31: மீதியில்லாமல் 14941 வருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஓர் எண் பகு எண் என்றால், அதன் மிகச் சிறிய பகாக் காரணி அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. நாம் தொடங்கிய எண்ணின் வர்க்கமூலம் சுமார் 9,356. 10,000-க்குள் 1,229 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் சோதிக்க வேண்டுமே என்று பயந்துதான் பலர் இந்த வேலையையே தொடங்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு காரணியை எடுக்கும்போதும் எண் சுருங்குகிறது, எல்லையும் கூடவே இறங்குகிறது. 14941-இன் வர்க்கமூலம் 122-தான். இனி 122 வரை பார்த்தால் போதும்.

31-ஐ மறுபடி சோதித்தால் மீதி 30. 37 ஏற்கெனவே போய்விட்டது. 41, 43, 47, 53, 59, 61 எதுவும் ஒத்துவரவில்லை. 67: 14941 = 67 × 223. இந்த 223 பகா எண்ணா என்று தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. 67-க்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணும் 14941-ஐ வகுக்கவில்லை என்றால் 223-ஐயும் வகுக்காது. 223-இன் வர்க்கமூலமோ 15-ஐக்கூடத் தொடவில்லை. எனவே அது பகா எண்ணேதான்.

87539319 = 3³ × 7 × 31 × 67 × 223

1,229-க்குப் பயந்தோம், பத்தொன்பதாவது பகா எண்ணிலேயே வேலை முடிந்துவிட்டது. எல்லா எண்ணும் இப்படி இறங்கி வராது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணாக இருந்தால் கடைசிவரை எதுவும் வகுபடாமல் சோதனை நீண்டுகொண்டே போகும். அதற்கு வேறு முறைகள் உண்டு, புதிதாகத் தொடங்குபவருக்கு அவை இப்போது வேண்டாம்.

விடையைப் பெருக்கிச் சரிபார்க்கும் பழக்கம் அவசியம். வழியில் ஒரு சின்னப் பெருக்கலைச் சோதிக்க 9-இன் மீதி உதவும். 67-இன் இலக்கங்கள் 13, பிறகு 4. 223-க்கு 7. நான்கேழு இருபத்தெட்டு, அது 10, அது 1. 14941-இன் இலக்கங்கள் 19, அது 10, அதுவும் 1. பொருந்துகிறது. பொருந்தினால் விடை சரியென்று உறுதியில்லை, பொருந்தாவிட்டால் எங்கோ தவறு என்பது உறுதி.

நான்காம் படி: வகுத்திகள்

எத்தனை எண்கள் இதை மீதியில்லாமல் வகுக்கும்? ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 3-இன் அடுக்கு 3, மற்ற நான்குக்கும் அடுக்கு 1. ஆகவே 4 × 2 × 2 × 2 × 2 = 64 வகுத்திகள்.

அவற்றின் கூட்டலையும் இதே போலப் பெறலாம். 3-க்கு 1 + 3 + 9 + 27 = 40. மற்றவற்றுக்கு 8, 32, 68, 224. பெருக்கினால் 15,59,75,680. நான் முன்பு சொன்ன ஒன்பது இலக்க விடைகளில் இது ஒன்று. இதிலிருந்து மூல எண்ணைக் கழித்தால் 6,84,36,361. தன்னை விட்டு மற்ற எல்லா வகுத்திகளையும் கூட்டினாலும் இந்த எண் அளவுக்கு வரவில்லை என்று அர்த்தம். 6-க்கு 1 + 2 + 3 சரியாக வந்துவிடும், 28-க்கும் வரும். நம் எண் அந்த வகை இல்லை.

இதோடு பொதுக் காரணி ஏதும் இல்லாத எண்கள், அதாவது சார்பகா எண்கள், இதற்குக் கீழே எத்தனை என்றும் கேட்பார்கள். 18 × 6 × 30 × 66 × 222 = 4,74,72,480. ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்குகிறோம், 3-க்கு மட்டும் 27-இலிருந்து 9-ஐக் கழித்து 18.

ஐந்தாம் படி: கனங்கள்

இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

முதலில் 1729-இல் பழகுவோம். கதை எல்லோருக்கும் தெரியும்: லண்டன் பக்கம் புட்னியில் மருத்துவமனையில் இருந்த ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி வந்த வாடகைக் காரின் எண் அது. சுவாரசியமில்லாத எண் என்று ஹார்டி சொல்ல, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் சொன்னார். பிரெஞ்சுக்காரரான பெர்னார் பிரெனிக்கிள் த பெசி 1657-லேயே இந்தப் பண்பைக் குறிப்பிட்டிருக்கிறார். இந்த வகை எண்களுக்கு டாக்சி எண்கள் என்ற பெயர் நின்றது ஹார்டி வந்த அந்தக் காரால்தான்.

1³ + 12³, 9³ + 10³ என்று மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரிவதில்லை. பள்ளியில் படித்த முற்றொருமை ஒன்றிலிருந்துதான்:

ப³ + ம³ = (ப + ம) × (ப² − பம + ம²)

இரண்டு கனங்களின் கூட்டலாக ஓர் எண் இருந்தால், ப + ம அதன் வகுத்தியாகவே இருந்தாக வேண்டும். அப்படியானால் எல்லா எண்களையும் முயன்று பார்க்கத் தேவையில்லை, வகுத்திகளை மட்டும் பார்த்தால் போதும். அதிலும் எல்லா வகுத்திகளும் வேண்டாம். ப + ம என்பது மூல எண்ணின் கனமூலத்தைவிடப் பெரியது, ஏனென்றால் (ப + ம)³-இல் ப³ + ம³ போக வேறு உறுப்புகளும் இருக்கின்றன. மேல் எல்லை, மூல எண்ணை 4-ஆல் பெருக்கி எடுத்த கனமூலம். ப-வும் ம-வும் சமமாக இருக்கும்போதுதான் கூட்டல் அந்த உச்சத்தைத் தொடும்.

1729 = 7 × 13 × 19. கனமூலம் 12-க்குக் கொஞ்சம் மேல். நான்கு மடங்கான 6916-இன் கனமூலம் 19-க்குக் கொஞ்சம் மேல். 13 முதல் 19 வரை இருக்கும் வகுத்திகள் 13, 19 இரண்டு மட்டுமே. 1 + 12, 9 + 10. பார்த்தீர்களா!

கூட்டல் கிடைத்தபின் ப, ம இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். கூட்டலைக் கூ என்று வைத்துக்கொள்வோம். ப² − பம + ம² என்பது கூ² − 3பம. ஆகவே

பம = (கூ² − எண் ÷ கூ) ÷ 3
(ப − ம)² = கூ² − 4பம

13-க்குப் போட்டுப் பாருங்கள். 1729 ÷ 13 = 133. 169 − 133 = 36, அதில் மூன்றில் ஒரு பங்கு 12. 169 − 48 = 121, அது 11-இன் வர்க்கம். கூட்டல் 13, வித்தியாசம் 11, ஆகவே 12-உம் 1-உம். 19-ஐ நீங்களே செய்து பாருங்கள், கடைசியில் வர்க்கம் 1 வரும்.

இப்போது நம் எண். 444³ = 8,75,28,384, மூல எண்ணைவிடச் சற்றுக் குறைவு. நான்கு மடங்கு 35,01,57,276. 704³ அதற்குள் அடங்குகிறது, 705³ தாண்டிவிடுகிறது. ஆக, 445-க்கும் 704-க்கும் இடையில் உள்ள வகுத்திகளைத் தேட வேண்டும்.

64-ஐயும் எழுத வேண்டாம். 7, 31, 67, 223 ஆகியவற்றையும் அவற்றின் பெருக்கங்களையும் எடுத்து, ஒவ்வொன்றையும் 1, 3, 9, 27-ஆல் பெருக்கிப் பாருங்கள். 7-ஐ எவ்வளவு பெருக்கினாலும் 189-தான். 31-க்கு 279, அடுத்தது 837, இடையில் எதுவும் இல்லை. 67 × 9 = 603, உள்ளே வருகிறது. 223 × 3 = 669, வருகிறது. 7 × 31 × 3 = 651, வருகிறது. 7 × 67 = 469, இதுவும் வருகிறது. 7 × 223 எல்லையைத் தாண்டிவிடும், மற்ற பெருக்கங்கள் அதைவிடப் பெரியவை.

மிஞ்சியது நான்கு: 469, 603, 651, 669. இன்னொரு சல்லடையும் உண்டு. எந்த எண்ணின் கனத்தையும் அந்த எண்ணையும் 6-ஆல் வகுத்தால் ஒரே மீதிதான் வரும், ஏனென்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கம். ஆகவே ப + ம-வுக்கும் மூல எண்ணுக்கும் 6-இன் மீதி ஒன்றாக இருக்க வேண்டும். மூல எண் ஒற்றைப்படை, 3-ஆல் வகுபடும், எனவே மீதி 3. 469-க்கு மீதி 1. அது வெளியே. மற்ற மூன்றுக்கும் மீதி 3.

603-ஐ எடுப்போம். 87539319 ÷ 603 = 145173. 603² = 363609. கழித்தால் 218436, மூன்றால் வகுத்தால் 72812. நான்கு மடங்கு 291248. 363609 − 291248 = 72361 = 269². கூட்டல் 603, வித்தியாசம் 269. எண்கள் 436, 167.

651-க்கு இதே வழியில் கடைசியில் 38025 வரும், அது 195². எண்கள் 423, 228. 669-க்கு 25281, அது 159². எண்கள் 414, 255.

87539319 = 167³ + 436³ = 228³ + 423³ = 255³ + 414³

முதல் இணையைக் கால்குலேட்டரில் சரிபாருங்கள்: 46,57,463 + 8,28,81,856. சரியாக வரும்.

மூன்று கூட்டல்களையும் மறுபடி பாருங்கள்: 9 × 67, 3 × 7 × 31, 3 × 223. 67 ஒன்றுக்கு, 223 இன்னொன்றுக்கு, 7-உம் 31-உம் சேர்ந்து மூன்றாவதுக்கு. மூன்றாம் படியில் பிரித்தெடுத்த பகாக் காரணிகளை மூன்று விதங்களும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. இதைக் காணும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே இந்தக் கணக்கை எல்லோரும் ஒரு தடவை கையால் செய்ய வேண்டும் என்று சொல்வேன். இன்னொன்றும் கவனியுங்கள்: நாம் மூன்று விதங்களைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை, நான்காவது விதம் கிடையாது என்பதையும் சேர்த்தே நிறுவிவிட்டோம்.

இதுதான் இருப்பவற்றில் மிகச் சிறியது என்பதைக் கையால் காட்டுவது கடினம், கணினிக்கு அது எளிது. இரண்டு எண்களும் 444-ஐத் தாண்ட முடியாது, ஆகவே அதிகபட்சம் 98,790 இணைகள். எல்லாக் கூட்டல்களையும் கணக்கிட்டு, சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி, முதன்முதலில் மூன்று தடவை வரும் எண்ணைத் தேடச் சொல்லுங்கள்.

வர்க்கங்கள் என்றால்?

கனங்கள் இரண்டே போதும், அதுவும் மூன்று விதமாக. வர்க்கங்களோ?

வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 என்று பார்த்தோம். இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 வரலாம், 3 வராது. நம் எண்ணின் மீதி 3. இரண்டு வர்க்கங்களால் முடியாது. மூன்று? கடைசி மூன்று இலக்கங்களான 319-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7. வர்க்கங்களை 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே. இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது. நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று லக்ராஞ்சு என்ற கணிதவியலாளர் 1770-இல் நிறுவினார், இதற்கும் போதும்:

9355² + 150² + 25² + 13²

அடுத்து எங்கே போகலாம்?

எத்தனை விதம் கேட்டாலும் அத்தனை விதமாக இரண்டு கனங்களாகப் பிரியும் எண் உண்டு என்று ஹார்டியும் ரைட் என்ற கணிதவியலாளரும் நிறுவியிருக்கிறார்கள். ஆனால் மிகச் சிறியதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நான்கு விதங்களுக்கான எண் 6963472309248. ஐந்துக்கு 48988659276962496.

இவ்வளவு பெரிய எண்களை எக்செல் போன்ற விரிதாளில் இடாதீர்கள். பதினைந்து இலக்கங்கள்தான் அதில் நிற்கும். ஐந்து விதங்களுக்கான எண்ணைத் தட்டினால் கடைசி 96 காணாமல் போய் 00 உட்கார்ந்துகொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது. அதை வைத்துச் செய்யும் வகுத்தல் எல்லாம் தவறாகப் போகும். பைத்தான் என்ற நிரல்மொழியில் முழு எண்களுக்கு இலக்க வரம்பு இல்லை, ஆகவே அதைப் பயன்படுத்துங்கள். அதிலும் வகுக்கும்போது இரட்டைச் சாய்கோடு (//) போட வேண்டும். ஒற்றைச் சாய்கோடு தசம எண்ணாக மாற்றிவிடும், அங்கேயும் கடைசி இலக்கங்கள் போகும்.

நான்கு விதங்களுக்கான எண் பதின்மூன்று இலக்கம், கையாலேயே முயன்று பார்க்கலாம். அதன் காரணிகள்: 2¹⁰ × 3³ × 7 × 13 × 19 × 31 × 37 × 127. வகுத்திகள் 11 × 4 × 64 = 2,816. ப + ம என்ற கூட்டல் 19,096-க்கும் 30,312-க்கும் இடையில் இருக்க வேண்டும், 6-ஆல் வகுபட வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையையும் தாண்டி வருபவை நான்கைவிட அதிகம், பல கடைசியில் முழு வர்க்கம் வராமல் விழுந்துவிடும். 21,504-இல் தொடங்குங்கள், 2,421-உம் 19,083-உம் கிடைக்கும். மிச்சம் மூன்று.